நல்ல காதை அழுத்திப் படுத்தவள்

தீபாவளி விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பஞ்சுக்குச்சியால் காது குடைந்துகொண்டிருந்தேன். வெளியே யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். மூன்று வயதாகப்போகும் என் மகள் ஷாமினி பயந்து ஓடிவந்து என் முழங்கையில் மோதினாள். அவ்வளவுதான். குச்சி உள்ளே இறங்கியது. சுருக்கென்று வலி, கொஞ்சம் ரத்தம், பிறகு வலக் காதில் ஒரே இரைச்சல்.

மலேசியாவில் எங்கள் ஊரான கிள்ளானில், கிளினிக்கில் இருந்த டாக்டர் சின்னப் பெண். உள்ளே விளக்கடித்துப் பார்த்தாள்.

"செவிப்பறையில சின்ன ஓட்டை அக்கா. பயப்படாதீங்க, தானாவே மூடிக்கும். ரெண்டு மாசம் ஆகலாம். தண்ணி மட்டும் உள்ள போகக்கூடாது. குளிக்கிறப்ப பஞ்சுல வாஸ்லின் தடவி அடைச்சுக்குங்க. மூக்கை வேகமா சிந்தாதீங்க. எண்ணெய் கிண்ணெய் எதுவும் ஊத்தாதீங்க. ஆறு வாரத்துல வந்து காட்டுங்க."

ஒரு சொட்டு மருந்துகூட எழுதித் தராதவள் என்ன டாக்டர் என்று எனக்குக் கோபம். எதிர்வீட்டு அமுதவள்ளி ஆன்டிக்கு என்னைவிடக் கோபம்.

"ஒன்னும் போடாம எப்படி லா ஆறும்? நல்லெண்ணெய்ல பூண்டு தட்டிப் போட்டு, இளஞ்சூடா ரெண்டு சொட்டு விடு தாமரை. எங்க வீட்ல எல்லாருக்கும் அதான்."

விட்டேன். மூன்றே நாளில் காதில் சீழ் வைத்தது. மறுபடி அதே டாக்டர். அவள் திட்டவில்லை, திட்டியிருந்தால் தேவலை. சீழை உறிஞ்சி எடுத்துவிட்டு, "இனி தானா மூடுமான்னு பார்த்துத்தான் சொல்லணும். மூடலன்னா ஆபரேஷன் பண்ணிக்கலாம். ஆறு வாரம், மறந்துடாதீங்க" என்றாள்.

மறக்கவில்லை. ஆனால் போகவும் இல்லை. காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். எனக்கு அந்தக் காது பிடித்துப்போய்விட்டது.

வலக் காது மந்தமாகிவிட்டதால், நல்ல காதைத் தலையணையில் அழுத்திப் படுத்தால் போதும், வீடே தண்ணீருக்கு அடியில் போய்விடும். கொமுட்டர் ரயில் எங்கோ ஆழத்தில் ஊர்ந்து போகும். திரைச்சீலை சத்தமில்லாமல் உப்பும், அடங்கும். ஜன்னலுக்கு வெளியே மழை சத்தமில்லாமல் இறங்கும். தரையில் இருந்து ஒரு சாண் உயரத்தில் கட்டில் மிதப்பதுபோல் இருக்கும்.

ஷாமினி இன்னும் ஒரு சொல் பேசவில்லை. எது வேண்டுமென்றாலும் என் விரலைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டுவாள். அவள் காதில் கோளாறு ஒன்றும் இல்லை என்று பரிசோதித்தாயிற்று. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் ஒருமுறை சுபாங் ஜெயாவுக்கு அழைத்துப் போகிறோம். அவள் 'அம்மா' என்று சொல்லிக் கேட்க வேண்டும். எனக்கு வேறு ஆசையே இல்லை. தினமும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிக் காத்திருந்து காத்திருந்து அலுத்துப்போனேன் என்பதும் உண்மை. மதியத்தில் அரை மணி நேரமாவது எதையும் எதிர்பார்க்காமல் கிடக்க வேண்டும்போல் இருந்தது. அந்த ஓட்டை எனக்கு அதைக் கொடுத்தது.

ஒன்பதாவது வாரம், சனிக்கிழமை மதியம். நல்ல மழை. சுவர்ப் பக்கம் திரும்பி, இடக் காதை அழுத்திப் படுத்திருந்தேன். கண் திறந்துதான் இருந்தது. சுவரில் பல்லி ஒன்று வாலை ஆட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தோளில் ஒரு கை விழுந்தது. என் கணவர் முகுந்தன். அவர் கண் கலங்கியிருந்தது.

"கேட்டுச்சா?"

"என்னங்க?"

"கூப்பிட்டா தாமரை. அம்மான்னு. கட்டில்கிட்ட நின்னுக்கிட்டு மூணு தடவ. நீ திரும்புவேன்னு நான் வாசல்லயே நின்னு பார்த்துக்கிட்டிருந்தேன்."

எழுந்து உட்கார்ந்தேன். ஷாமினி கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள். என்னை நானே அறைந்துகொள்ளலாம்போல் இருந்தது. தரையில் மண்டியிட்டு, நல்ல காதை அவள் வாயருகே கொண்டுபோனேன்.

"சொல்லுடா கண்ணு. இன்னொரு தடவ. அம்மாவுக்குக் கேக்கலடா."

மூச்சுதான் காதில் பட்டது. திங்கட்கிழமை முதல் ஆளாகக் கிளினிக்கில் நிற்பதாக முகுந்தனிடம் சொன்னேன்.

ஷாமினி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மூன்று தடவை கூப்பிட்டும் அம்மா திரும்பவில்லை. அந்தச் சொல்லால் ஒன்றும் ஆகாது என்று முடிவு கட்டிவிட்டாள் போலிருக்கிறது. எப்போதும்போல் என் சுண்டுவிரலைப் பிடித்து, பேசாமல், ஐஸ்பெட்டிப் பக்கம் இழுத்தாள்.