நைபோர் சுகாதார நிலையம் இயங்குகிறது

நைபோர் சுகாதார நிலையம் பரிங்கோ ஏரிக்குள் முழுதாக மூழ்கிய அன்று அங்கே இருபத்தாறு பேர் வைத்தியம் பார்த்துக்கொண்டார்கள். மறுநாள் முப்பத்தொரு பேர். மேட்டுநாட்டில் வருடக்கணக்காகக் கொட்டிய மழையில் ஏரி கரை மீறி, பள்ளிக்கூடம், சந்தை, முள்மரக்காடு என்று ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தது. ஊர் குன்றுக்கு ஓடியது. மாற்றல் உத்தரவு இல்லாமல் இடத்தை விட்டு நகரக் கூடாது என்று நர்ஸ் ஜெப்கெமோய் மட்டும் நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் கழுத்துக்கு வந்தது, கூரைக்கு மேல் இரண்டு ஆள் உயரம் போனது. உத்தரவு வரவில்லை.

உள்ளே போய்விட்டால் சாதாரணமாக மூச்சு விடலாம். மாத்திரை கரைவதில்லை, பதிவேட்டில் மை கலைவதில்லை. கதவு வரைக்கும் போவதுதான் பாடு. தக்கை மரப் படகிலிருந்து குதித்து, நாற்பது எண்ணும் வரை மூச்சை அடக்க வேண்டும். தேங்கிய நீரில் கொசு பெருகி ஊரே காய்ச்சலில் சுருண்டு கிடந்த வருடம் அது. வயிற்றுப்போக்கில் துவண்டவர்களுக்கும் வயதானவர்களுக்கும் நாற்பதுக்கு எங்கே தெம்பு? ஜூன் மாதத்தில் மட்டும் மூன்று பேர் பாதி வழியிலேயே போய்ச் சேர்ந்தார்கள்.

மரிகாட் வானொலிக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்த செலெய்னா இந்த ஊர்க்காரி. கண்ணால் பார்க்காத எதையும் சொல்ல மாட்டேன் என்பதில் அவளுக்கு ஒரு வீம்பு. குன்றின் மேல் புது நிலையத்துக்குக் கல் வந்து இறங்கி, கொத்தனார் வராமல் கிடந்தது. எப்படியாவது அதைக் கட்ட வைக்க வேண்டும் என்று அவள் மூன்று முறை ஏரிக்குள் இறங்கினாள். அந்த மாதம் நோயாளிகள் இருநூற்றுப் பன்னிரண்டு, வழியில் செத்தவர்கள் மூன்று என்று ஒன்று விடாமல் வானொலியில் சொன்னாள். கேட்டால் மேலதிகாரிகளுக்குச் சுருக்கென்று தைக்கும் என்று நம்பினாள், பாவம்.

அவர்கள் மகிழ்ந்து போனார்கள். நைபோர் நிலையம் இயங்குகிறது என்று வானொலியே சொன்ன பிறகு புதுக் கட்டடம் எதற்கு? குன்றிலிருந்த கல்லை லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள்.

மீன் விற்கும் நைசூலா செலெய்னாவை வழியில் மறித்தாள். ஏரியில் செத்த அந்த மூன்று பேரில் ஒருவர் நைசூலாவின் மாமனார்.

"உன்னை யாருடி அங்க போயி தலை எண்ணச் சொன்னது?"

"உள்ளத உள்ளபடிதானே அக்கா சொன்னேன்?"

"அதான் வினையே. எல்லாம் நாசமாப் போச்சுன்னு ஒத்த வார்த்தை சொல்லியிருந்தா போதும். இப்ப அந்த நர்ஸம்மா நல்லா வேலை பாக்குறதுதான் நமக்குக் கேடு."

செலெய்னா வீட்டுக்குப் போய் வாய்விட்டு அழுதாள். அடுத்த வாரம், பிறந்ததிலிருந்து முதல் தடவையாக, வானொலியில் பொய் சொன்னாள். நிலையம் மூடிக் கிடக்கிறது, உள்ளே ஈ காக்காய் இல்லை. உடனே ஒரு பரிசோதகர் வந்து, செலெய்னாவையும் படகில் ஏற்றிக்கொண்டு போனார். ஷூ நனையும் என்று படகை விட்டு இறங்காமல் எட்டிப் பார்த்தார். கீழே விளக்கு எரிந்தது. ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஜெப்கெமோய், மேலதிகாரியைக் கண்டதும் மரியாதையாக எழுந்து நின்றாள்.

"நல்லாத்தானே நடக்குது மேடம்? ஏன் புரளி கிளப்புறீங்க?" என்று செலெய்னாவிடம் கேட்டுவிட்டுப் பரிசோதகர், நிலையம் இயங்குகிறது என்று கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு செலெய்னா அனுப்பிய எதையும் மரிகாட்டில் ஒலிபரப்பவில்லை.

இரண்டு வருடம் கழிந்து அவள் கர்ப்பமானாள். கர்ப்பிணிகள் தினமும் காலையில் அண்டாத் தண்ணீரில் முகத்தை அமிழ்த்திப் பழகுவது அதற்குள் ஊர் வழக்கமாகியிருந்தது. நைசூலாதான் அவளுக்கு எண்ணினாள்.

"ஐம்பதுதான்டி. வலி வந்தா இதுல பாதிகூடத் தாங்காது. இன்னொரு தடவை முங்கு."

செலெய்னாவுக்கு உயிர்ப்பயம். மறுபடி முங்கினாள். ஒன்பதாம் மாதத்தில் அறுபத்தெட்டு வந்தது. ஒரு நாள் மத்தியானம் வலி கண்டதும், நைசூலா இரண்டு கையாலும் தண்ணீரைத் தள்ளிப் படகை நடு ஏரிக்குக் கொண்டுபோனாள். செலெய்னா குதித்தாள். நைசூலா உரக்க எண்ணினாள். முப்பத்தாறில் கீழே கதவு திறந்தது.

பெண் குழந்தை. ஜெப்கெமோய் தாயையும் பிள்ளையையும் ஆறு நாள் மேலே விடவில்லை. அங்கே பிள்ளை பெறும் எல்லோருக்கும் அதுதான் கணக்கு. நைபோரில் பிறக்கும் பிள்ளைகளுக்கு முதலில் மூச்சை அடக்கத்தான் கற்றுக்கொடுக்கிறார்கள்.