எகிலுக்குப் பல் முளைத்த வாரம்

செப்டம்பர் மாதம் இரண்டாவது சனிக்கிழமை மதியம் இரண்டு மணிக்கு எங்கள் ஹைமேய் தீவு இருந்த இடத்தை விட்டு நகர ஆரம்பித்தது. தெற்குப் பக்கமாக, மணிக்கு நானூறு மீட்டர். அன்று காலை ஏலத்தில் காட் மீன் கிலோ இருநூறு குரோனாவுக்குப் போயிருந்தது, மேற்குக் காற்று லேசாக அடித்துக்கொண்டிருந்தது. துறைமுகத்தில் காபி குடித்துக்கொண்டிருந்த எங்களில் ஒருவரும் கோப்பையைக் கீழே வைக்கவில்லை. வடக்கே பெருநிலத்தில் தெரிகிற பனிமலை கொஞ்சம் சிறுத்துப்போனதாக ஒருவர் சொன்னார். போய்க் கண்ணாடியை மாத்து என்று அவரைக் கேலி செய்தோம். நாலு மணிக்கு எங்கள் எல்லோருக்குமே கண்ணாடி மாற்ற வேண்டியிருந்தது.

முந்தின நாள் வெள்ளிக்கிழமைக் கப்பலில் யோருன், ஓட்டார் என்று ஒரு புருஷன் பெண்டாட்டி பெருநிலத்துச் செல்ஃபோஸ் ஊரிலிருந்து வந்து இறங்கியிருந்தார்கள். யோருன் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள். ஓட்டார் தக்காளித் தோட்டங்களுக்குக் கண்ணாடிக் கூரை போடுகிறவன். ஏழு மாதப் பிள்ளை எகிலை ஓட்டாரின் அக்கா ஹெர்டிஸிடம் விட்டுவிட்டு, பிள்ளை பிறந்தபிறகு முதல்முறையாக இரண்டு பேரும் தனியாக வெளியே வந்திருந்தார்கள். யோசனை அவனுடையது. "ரெண்டே நாளு. ஞாயித்துக்கிழம சாயங்காலம் வீட்ல இருப்போம். அதுக்குள்ள வானமா இடிஞ்சு விழுந்துடப்போகுது?" என்று அவளைச் சம்மதிக்கவைத்திருந்தான். அவள் மூன்று வாரமாகப் பாலைப் பீய்ச்சிச் சின்னச் சின்னப் பைகளில் உறையவைத்து, ஒவ்வொன்றிலும் எந்த நேரத்துக்கு என்று எழுதிவைத்துவிட்டு வந்தாள். கப்பலில் இருந்தே மூன்று தரம் ஹெர்டிஸைக் கூப்பிட்டாள். மூன்றாவது தரம் ஹெர்டிஸ், "அவன் தள்ளுவண்டில தோட்டத்துல தூங்குறான், யோருன். நீயும் போய்த் தூங்கேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை காலையில் எல்ட்ஃபெல் எரிமலை ஏறினார்கள். அந்த மலைக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. என்னைவிடச் சின்னது. ஊர் ஓரத்தில் திடீரென்று வெடித்துக் கிளம்பி, எங்கள் வீடு உட்பட நானூறு வீடுகளைத் தின்றுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் உட்கார்ந்திருக்கிறது. வயிற்றில் இன்னும் சூடு ஆறவில்லை. ஆகவே வருகிறவர்கள் எல்லோரும் செய்வதை இவர்களும் செய்தார்கள். கல்லிடுக்கில் கை வைத்து "ஐயோ, சுடுது" என்றார்கள், சூடான மண்ணில் புதைத்து வேகவைத்த ரை தானிய ரொட்டியை வெண்ணெய் தடவித் தின்றார்கள். உச்சியில் நிற்கும்போது யோருனுக்குப் பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகக் கனத்தது. முந்தின சாயங்காலம் இரண்டு கிளாஸ் ஒயின் குடித்திருந்தாள். அதற்கப்புறம் எத்தனையோ மணி நேரம் ஆகியிருந்தும் அந்தப் பால் பிள்ளைக்கு ஆகாது என்று அவளுக்குப் பயம். ஓட்டார் காற்றுக்கு மறைவாகக் கோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க, கைப்பம்பு வைத்துப் பாலை எடுத்து, எடுத்ததை ஆவி வருகிற ஒரு பிளவில் ஊற்றினாள். அப்போது மணி ஒன்றே முக்கால். மலை ருசி கண்டுவிட்டது, அவளைத் தனக்கென்று தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது என்று ஊரில் பாதிப் பேர் சொல்வார்கள். நான் நேரத்தை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் கப்பல் பதினோரு மணிக்கு யோருனையும் ஓட்டாரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பியது. ஐந்து மணி நேரம் ஓடியும் கரை கிட்டே வரவில்லை. எண்ணெய் பாதியானதும் கப்பலைத் திருப்பினார்கள், இருபதே நிமிஷத்தில் எங்கள் துறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. விமானம் கிளம்புகிற இடத்தில் மூடுபனி. ஒரு ஹெலிகாப்டர் வந்து, வரைபடத்தில் தீவு இருக்கும் இடத்தில் வெறும் தண்ணீரைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனதாக வானொலியில் சொன்னார்கள். கடலுக்கடியில் போகிற தொலைபேசிக் கம்பி மட்டும் ஜவ்வுமாதிரி நீண்டுகொண்டே போனதே தவிர அறுந்துபோகவில்லை. எங்களுக்கு உப்பு, மீன், உருளைக்கிழங்கு எல்லாம் இருந்தது. அவளுக்குத்தான் ஒன்றுமில்லை. திங்கள் மதியத்தோடு ஹெர்டிஸ் வீட்டில் பால் பை தீர்ந்துவிடும் என்பது அவளுக்குக் கணக்காகத் தெரியும். துறைமுக அலுவலகத்து நாற்காலியில் ஒரு நிமிஷம் உட்காருவாள், எழுந்துபோய் ஜன்னலில் நிற்பாள், மறுபடி வந்து உட்காருவாள்.

துறைமுக அதிகாரி ஹோக்னி, கால் மணிக்கொருதரம் தூரம் அளக்கிற கருவியை வைத்துப் பெருநிலத்தைப் பார்த்து அளந்துகொண்டிருந்தார். தீவு நடுநடுவே நிற்பதையும், சிலசமயம் ஒரு முழம் திரும்பி வருவதையும் அவர் சனிக்கிழமையே கவனித்திருந்தார். ஏனென்று புரியவில்லை. ஞாயிறு சாயங்காலம் யோருன் அவருடைய மேஜைப் போனில் ஹெர்டிஸோடு பேசிக்கொண்டிருக்கும்போது, அங்கே மூக்கைத் துடைத்துவிட்டார்கள் என்று எகில் வீல் என்று கத்தினான். இங்கே யோருனின் கம்பளிச் சட்டையில் இரண்டு வட்டமாக ஈரம் பரவியது. அதே நேரம் ஹோக்னியின் கருவியில் பனிமலை கிட்டே வந்தது. அவர் கருவியைப் பார்த்தார், சட்டையைப் பார்த்தார், மரியாதை தெரிந்த மனுஷன், உடனே மறுபடி கருவியைப் பார்த்தார். எகில் அழுகையை நிறுத்தினான், பனிமலை விலகிப்போக ஆரம்பித்தது. "யோருன், தப்பா எடுத்துக்காதம்மா. பையன் நாளைக்கு எத்தன தரம் அழுவான்?" என்று ஹோக்னி கேட்டார். "அவன் ரொம்ப சாது. அழவே மாட்டான்" என்று பெருமையாகச் சொன்னவள், சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் பக்கம் திரும்பிப் பனிமலையைத் தேடினாள்.

செய்தி ஊருக்குள் பரவ ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. நாலாயிரம் பேர் இருக்கிற ஊரில் நாலாயிரம் பேருக்கும் பிள்ளை வளர்ப்பில் திடீரென்று ஞானம் வந்துவிட்டது. பிள்ளை கொஞ்சம் அழுதால் நுரையீரலுக்கு நல்லது என்றார்கள். அந்தக் காலத்தில் எங்களை எல்லாம் யார் தூக்கினார்கள் என்றார்கள். நானும் சொன்னேன், இல்லை என்று சொல்லமாட்டேன். ஹெர்டிஸ்தான் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தாள், அவளோ பிள்ளை உதட்டைப் பிதுக்குவதற்கு முன்னாலேயே தூக்கிவிடுகிற ரகம். ஓட்டார் யாருக்கும் தெரியாமல் மீன் கூடத்துப் பின்னால் போய் அக்காவைக் கூப்பிட்டான்.

"அக்கா, சும்மா லேசா ஒரு கிள்ளு. தொடைல. வலிக்கவே வலிக்காது."

"எங்க, இப்ப உன் தொடைல கிள்ளிக்கிட்டுப் பேசு பாக்கலாம்."

"இங்க நாலாயிரம் பேரு நடுக்கடல்ல போயிட்டிருக்கோம்டி!"

"போங்கடா. நல்லா சுத்திப் பாருங்க. ஊர் சுத்தத்தானே போனீங்க?"

வைத்த கையோடு ஹெர்டிஸ் யோருனைக் கூப்பிட்டு ஒன்று விடாமல் சொல்லிவிட்டாள். யோருன் புருஷனைத் திட்டவில்லை. அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள் என்பதால் அவளுக்குத் திட்ட வாய் வரவில்லை. அதுதான் அவளை இன்னும் அழவைத்தது. அவள் அழுததற்குத் தீவு அசையவில்லை.

திங்கட்கிழமை மதியம் கடைசிப் பை தீர்ந்தது. அடுத்த பால் நேரம் மூன்று மணி. கப்பல் பயணிகள் காத்திருக்கும் கூடத்தில் போனை ஒலிபெருக்கியில் போட்டிருந்தார்கள், ஊரே காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. ஒரு பச்சைப்பிள்ளைக்குப் பசிக்கவேண்டும் என்று வளர்ந்த மனுஷர்கள் அத்தனை பேர் நேரம் பார்த்து நின்றோம், இப்போது நினைத்தால் கூசுகிறது. மூன்றே காலுக்கு எகில் சிணுங்க ஆரம்பித்தான். ஹோக்னி ஜன்னலிலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். ஹெர்டிஸின் குரல் வந்தது: "யோருன், கடையில பால்பவுடர் டப்பா வாங்கி வெச்சிருக்கேன். தண்ணி காச்சி ஆறவும் வெச்சாச்சு. நீ சொன்னாத்தான் குடுப்பேன். குடுக்கட்டுமா, வேணாமா?"

ஓட்டார் தரையைப் பார்த்தான். பின்வரிசையில் யாரோ, "ஒரு மணி நேரம் போதும்மா, ஒரே ஒரு மணி நேரம்" என்றார்கள், கெஞ்சலாகத்தான். சிணுங்கல் பெரிதானது, அவள் சட்டை நனைந்தது, ஜன்னலுக்கு வெளியே பெருநிலம் ஒரு விரல் கிட்டே வந்ததை எல்லோரும் பார்த்தோம். அவளும் பார்த்தாள்.

"குடுத்துரு, ஹெர்டிஸ். பிள்ளைய வயித்துப் பசியோட வெக்காத" என்றாள்.

ஒலிபெருக்கியில் அவன் சப்புக்கொட்டிக் குடிக்கிற சத்தம் கேட்டது. முழுப் புட்டி. முகத்தைச் சுளிக்கவுமில்லை, அம்மாவைத் தேடவுமில்லை. கடைசியில் ஒரு ஏப்பம். தீவு மறுபடி தெற்கே கிளம்பியது. யோருன் வெளியே போய்க் கப்பல் கயிறு கட்டுகிற இரும்புக் குற்றியில் உட்கார்ந்தாள். பிள்ளை வயிறு நிறைந்ததில் அவளுக்குச் சந்தோஷம். தான் இல்லாமலே நிறைந்துவிட்டதில் நெஞ்சு அறுந்துபோகிற மாதிரி வலி. இரண்டையும் அவளே ஓட்டாரிடம் சொன்னாள், அவன் அவள் முதுகைத் தடவிக்கொண்டு, "நான்தான் கூட்டிட்டு வந்தேன், என்னைத் திட்டேன்" என்றான்.

செவ்வாய்க்கிழமை ஊரில் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. புதன்கிழமை எங்களுக்கே வெட்கமாகிவிட்டது. ஒருத்தர் சூப் கொண்டுபோய்க் கொடுத்தார், இன்னொருத்தர் பால் வற்றாமல் இருக்க விடாமல் எடுத்துக்கொண்டே இரு என்று சொல்லிவிட்டுப் போனார். எடுத்ததை மலைப்பக்கம் கொண்டுபோகக் கூடாது என்று மட்டும் எல்லோரும் கண்டிப்பாகச் சொன்னோம். பனிமலை அடிவானத்தில் ஒரு சோற்றுப் பருக்கை அளவுக்கு ஆகிவிட்டது. கடல்வெப்பம் ஒன்றரை டிகிரி கூடியிருந்தது. மீன் நன்றாகக் கிடைத்தது.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எகிலின் கீழ் ஈறு வெடித்து முதல் பல் எட்டிப் பார்த்தது. அவன் தொண்டையைத் திறந்தான். "சத்தியமா நான் ஒண்ணும் பண்ணல" என்று ஹெர்டிஸ் போனில் அலறினாள், பின்னால் அவன் அதைவிடப் பெரிதாக அலறினான். தீவு சட்டென்று நின்று வடக்கே திரும்பியது. அலமாரித் தட்டுகள் சரிந்தன, துறைமுகத்துப் படகுகள் கயிற்றில் இழுபட்டுக் கூடவே வந்தன. யோருன் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஸ்பூனைக் குளிர வெச்சு ஈறுல வெய்யி. தோள்ல போட்டு நட. வண்டிய வெளிய தள்ளிட்டுப் போ, காத்து பட்டா அடங்குவான்" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பெருநிலம் ஓடி வந்துகொண்டிருந்தது, அவளோ அந்த அழுகையை எப்படியாவது நிறுத்தப் பார்த்தாள். நாங்கள் சுற்றி நின்றோம். ஒருவர்கூட அவள் வாயை அடைக்கவில்லை. இந்த ஊரைப் பற்றி நான் நல்லதாகச் சொல்ல ஏதாவது இருக்கிறது என்றால் அது அதுதான்.

ஸ்பூனுக்கும் அடங்கவில்லை, தோளுக்கும் அடங்கவில்லை. பதினோரு மணி நேரம் அழுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் தீவு எதிர்க்கரையின் கறுப்பு மணலுக்கு இருநூறு அடி தள்ளி வந்து நின்றது. ஹெர்டிஸ் அழுகிற பிள்ளையைக் காரில் போட்டு அங்கே கொண்டுவந்திருந்தாள். ஹோக்னி சின்னப் படகில் யோருனைக் கரையில் கொண்டுபோய் விட்டார். அவள் முழங்கால் தண்ணீரில் குதித்து ஓடிக் கையை நீட்டினாள். எகில் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு முகத்தைத் திருப்பி அத்தையின் கழுத்தில் புதைத்துக்கொண்டான். ஹெர்டிஸ் பதறிப்போய், "தூக்கக் கலக்கம்டி, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். யோருன் ஈர மணலில் உட்கார்ந்து சட்டையை விலக்கிக் காத்திருந்தாள். வாசனை போய்ச் சேர இரண்டு நிமிஷம் ஆனது. வந்தான், குடித்தான், புதுப் பல்லால் நறுக்கென்று ஒரு கடி கடித்தான். அவள் கத்திய கத்தல் தீவில் இருந்த எங்களுக்குக் கேட்டது. நாங்கள் கைதட்டினோம்.

மறுநாள் மதியத்துக்குள் தீவு தன் பழைய இடத்துக்குப் போய்விட்டது, அறுபது மீட்டர் வித்தியாசம். வரைபடத்தை யாரும் திருத்தவில்லை. அதற்கப்புறம் எகிலுக்குக் காய்ச்சல் வந்தாலும், முழங்கால் சிராய்த்தாலும், வளர்த்த நாய் செத்தாலும் எங்களுக்குத் தெரிந்துவிடும். எந்தத் திசையில் இருக்கிறானோ அந்தத் திசைக்குக் கொஞ்சம் நகர்வோம். பன்னிரண்டு வயதுக்குமேல் அவன் யார் முன்னாலும் அழுததில்லை என்று யோருன் சொல்வாள். நாங்கள் அதை மறுத்துப் பேசுவதில்லை, எவ்வளவு தூரம் நகர்ந்தோம் என்று மட்டும் போனில் சொல்லிவிடுவோம். ஹோக்னிக்குப் பிறகு வந்த அதிகாரிக்கு வேலையில் சேர்ந்த முதல் நாளே அவள் நம்பரைக் கொடுத்தோம்.

இப்போது அவனுக்கு இருபது வயது. வடக்கே அகுரேரியில் தனியாக அறை எடுத்துப் படிக்கிறான். போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை பகலில் தீவு வடக்கே இரண்டு கிலோமீட்டர் போயிற்று. பல் முளைத்தபிறகு அவ்வளவு தூரம் நாங்கள் போனதே இல்லை. யோருனைக் கூப்பிட்டோம். அவள் மகனைக் கூப்பிட்டாள். "ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கேன். சாப்பிட்டுட்டேன்" என்றானாம். அவள் ஓட்டாரிடம்கூடச் சொல்லாமல் காரை எடுத்துக்கொண்டு பனியில் ஆறு மணி நேரம் ஓட்டிப் போய்க் கதவைத் தட்டியிருக்கிறாள். கதவைத் திறந்தவன், "நீ எங்கம்மா இங்க?" என்று கேட்டிருக்கிறான். "சும்மா, இந்தப் பக்கமா வந்தேன்டா" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய் அவன் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறாள். கொஞ்ச நேரத்தில் தீவு இன்னும் முந்நூறு மீட்டர் போயிற்று, பிறகு நின்றது. அந்த வாரம் முழுக்கக் கப்பல் எட்டு நிமிஷம் முன்னதாகவே கரைக்குப் போய்ச் சேர்ந்தது.