சீனி போட்ட சொல்

லாசால் பேக்கரி ஆலையில் மனேஜரின் இங்கிலீசை மிரேயாவுக்கு ஸ்பானிஷில் சொல்லுவது வினோஜாவின் தலையில் விழுந்த வேலை. மிரேயாவோடு கூட நின்று மாப் பிசைந்தே அந்தப் பாஷையைப் பிடித்தவள் அவள். "கெதியாச் செய், சோம்பேறி!" என்று அவன் குரைப்பான். "கொஞ்சம் கெதியாச் செய்யட்டாம், ராசாத்தி" என்று இவள் சீனி போட்டுச் சொல்லுவாள். ஒரு வருசமாய் இதே கூத்து.

இவ்வளவு நல்ல மனுசனுக்கென்று மிரேயா இன்றைக்கு வீட்டிலிருந்து கேக் கொண்டுவந்து நீட்டினாள். அதை மென்றபடியே அந்தப் பாழ்படுவான், "நாளையிலயிருந்து இவளுக்கு வேலையில்லை எண்டு சொல்லு" என்றான்.

மிரேயா சிரித்த முகத்தோடு வினோஜாவைப் பார்த்தாள். "என்னவாம்? பிடிச்சிருக்காமோ?"

உண்மையைச் சொல்லத்தான் வினோஜா வாயைத் திறந்தாள். பழகின வாய், "நல்லாயிருக்காம்" என்றது.

"அப்ப நாளைக்கும் கொண்டு வாறன்" என்றாள் மிரேயா.