எழுந்து நின்றவரின் கட்டைப்பை

1

இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது கொஞ்சம். காதால் கேட்டது அதைவிடக் கொஞ்சம். மீதி நான் சேர்த்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் என்னிடம் வந்து அந்தக் குழந்தை எப்படி இருக்கிறது என்று கேட்கக் கூடாது.

சோமனூர் பஸ் ஸ்டாண்டில் காலை நேரம். மில்லில் இரவு ஷிப்ட் முடித்துவிட்டுக் கோவை போகும் டவுன் பஸ்ஸுக்காக நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் செல்போனில் பேசிக்கொண்டிருந்தாள்.

"செரி கண்ணு, எந்திரிக்க மாட்டேன். அட, எந்திரிக்க மாட்டேங்கறேன்ல, போதுமா?"

யாரிடம் சொன்னாள், எதிலிருந்து எழ மாட்டாள், தெரியாது. பஸ் வந்தது. பெண்கள் பக்கம் நிறைந்திருந்தது. வலது பக்கம் ஓர் இருக்கையில் ஜன்னலோரமாக ஒரு பெரியவர், மடியில் கட்டைப்பை. அவர் பக்கத்தில் மட்டும் இடம். கண்டக்டர் அந்தப் பெண்ணை அங்கே உட்காரச் சொன்னார். பெரியவர் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெளியே வந்து, "உக்காருங்க" என்றார். அவள் உள்ளே போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவர் திரும்ப உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பக்கத்து இருக்கை காலியாகவே வந்தது.

நான் முந்தி ஏறி அதற்குப் பின் இருக்கையைப் பிடித்திருந்தேன். இந்தக் கதை அந்த மனிதர் எழுந்ததிலிருந்து வந்தது. வேறு எங்கிருந்தும் வரவில்லை.

2

முதலில் எழுதிய தொடக்கம்: "அந்த இருக்கை காலியாக இருந்தது." அடித்துவிட்டேன். காலி இருக்கையைக் கண்டதும் அதில் ஓர் அர்த்தத்தை உட்காரவைப்பது எழுதுகிறவர்களின் வியாதி.

அடுத்தது: "கொங்கு நாட்டுக்காரர்களின் மரியாதையைப் பற்றி உலகத்துக்கே தெரியும்." இது ஜவுளிக்கடை விளம்பரம்.

மூன்றாவது: "தம்பிதுரைக்கு அன்று முட்டி வலிக்கவில்லை, ஆனாலும் அவர்

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. ஆனாலும் அவர் என்ன? அது தெரிந்தால் கதையே வேண்டாம். இப்படியே கிடக்கட்டும்.]

3

பெரியவருக்குத் தம்பிதுரை என்று பெயர் வைத்திருக்கிறேன். அந்தப் பெண்ணுக்குப் பூவாத்தாள். இந்நேரம் நீங்கள் இரண்டு பெயரையும் திருப்பிப் பார்த்து, யார் என்ன ஆள் என்று தேடியிருப்பீர்கள். பெயரில் கிடைக்காது. நானே சொல்கிறேன். அவர் தோட்டத்து வீடு. சொந்தமாகத் தறிக்குடோன் வைத்திருப்பவர். அவள் அதே ஊரின் காலனி. எங்கள் பக்கத்தில் இதற்கு மேல் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பூவாத்தாள் அவருடைய குடோனில் நூல் சுற்றினாள். அவர் உள்ளே வந்தால் மிஷினை நிறுத்திவிட்டு எழுந்து நிற்பாள். அவர் நிற்கச் சொன்னதில்லை. உட்காரச் சொன்னதும் இல்லை.

அவளுடைய மகள் பிரவீனாவும் அவருடைய மகன் நிதீஷும் பதிவுத் திருமணம் செய்துகொண்டு கோவைக்குப் போய்விட்டார்கள். அந்த வாரமே பூவாத்தாளுக்கு வேலை போயிற்று. தம்பிதுரை மகனோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். [வெட்டு, குத்து எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் அது பேப்பரில் வந்திருக்கும், நான் எழுத வேண்டியிருக்காது.]

இப்போது பிரவீனாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது. பீளமேட்டில் ஓர் ஆஸ்பத்திரி. நிதீஷ் இரண்டு வீட்டுக்கும் தகவல் சொல்லிவிட்டான். பஸ் ஸ்டாண்டில் நான் ஒரு முனையை மட்டும் கேட்டேன். மறுமுனையை எழுதுகிறேன்.

"அம்மா, என்ற மாமனாரு வந்தாலும் வருவாரு. வந்தா நீ எந்திரிச்சு நிக்கக் கூடாது."

"அதெப்படி கண்ணு, பெரிய மனுசரு..."

"பெரிய மனுசருன்னா உக்காந்துட்டே கும்பிடு. நீ எந்திரிச்சு நின்னீன்னா நாளைக்கு என்ற புள்ளையும் அவருக்கு எந்திரிச்சு நிக்கோணும். அதுக்கு நீ வராமயே இருந்துக்க."

"ஏனம்மணி, பெத்தவகிட்டப் பேசற பேச்சா இது?"

"எந்திரிப்பியா, மாட்டியா?"

இதற்குத்தான் அந்தப் பதில். பூவாத்தாள் பயப்படுவது தம்பிதுரைக்கு அல்ல, தன் முழங்காலுக்கு. அவரைக் கண்டால் அது அவளைக் கேட்காமலே எழுந்துவிடும். எழுந்துவிட்டால் மகள் கையைவிட்டுப் போய்விடுவாள்.

4

ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டியவரைப் பஸ்ஸிலேயே பார்த்துவிட்டாள்.

"ஏனுங்கம்மா, அந்த ஐயா பக்கத்துல சீட்டு சும்மாதான கெடக்குது? உக்காருங்க. நீங்க இப்படி வழியில நின்னா நான் எப்படிப் போறது?" என்றார் கண்டக்டர்.

"பரவால்லீங்க, நான் நின்னுக்கறேன்."

"அட, வயசானவருதானுங்க. கடிச்சுப்போடுவாரா?"

நாலு பேர் சிரித்தார்கள். அப்போதுதான் தம்பிதுரை எழுந்தார். "உக்காருங்க" என்றார். குடோனில் அவர் அவளைப் 'பூவா' என்றுதான் கூப்பிடுவார். இந்த மரியாதை அவளுக்கா, பஸ்ஸில் இருந்தவர்களுக்கா என்பது அவளுக்குத் தெரியவில்லை. எனக்கும்.

கண்டக்டர் விடவில்லை. "நீங்களும் உக்காருங்கய்யா. சீட்டுல முள்ளா குத்துது?"

"இல்லீங் தம்பி. முட்டி புடிச்சுக்குது. நின்னாத்தான் சுகம்."

டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அதை மறக்க முடியாத ஒருவர் எல்லா பஸ்ஸிலும் இருப்பார். அன்று அவர் என் பக்கத்தில் இருந்தார்.

"பாத்தீங்களா, டிக்கெட் எடுத்தவரு நிக்கறாரு. ஃப்ரீயா வர்றவங்க ஜன்னலோரமாக் காத்து வாங்கறாங்க."

அந்தப் பெண் முன்னால் இருந்த கம்பியை இரண்டு கைகளாலும் பிடித்தாள். இது நான் நிஜமாகப் பார்த்தது. எழுவதற்குப் பிடிப்பது போலவும் இருந்தது, எழாமல் இருப்பதற்குப் பிடிப்பது போலவும் இருந்தது. அவள் எழவில்லை.

5

இதுவரை எழுதியதைக் கலீல் ரஹ்மானிடம் காட்டினேன். என்னோடு அதே ஷிப்டில் வேலை செய்கிறவன். டீக்கடையில் நின்றபடி படித்தான்.

"அவரு எதுக்கு எந்திரிச்சாருன்னு எழுதவே இல்லையே மாப்ள."

"தெரியல."

"நீதான எழுதற? அப்புறம் யாருக்குத் தெரியும்?"

நியாயம். ஆனால் யோசித்துப் பாருங்கள். பஸ்ஸில் ஒருவர் எழுந்து இடம் கொடுப்பது நல்ல பழக்கம், பள்ளிக்கூடத்திலேயே சொல்லித் தருகிறார்கள். தெரியாத பெண்ணுக்குப் பக்கத்தில் ஆண் உட்காராமல் நிற்பதும் இங்கே நல்ல பழக்கம்தான். அன்று நின்றிருந்த மற்ற ஆண்களும் அந்த இடத்தில் உட்காரவில்லை. அவள் உடம்பு தன்மேல் படக் கூடாது என்று ஒருவர் எழுவதும் இதே எழுவதுதான். அதே இடத்திலிருந்து, அதே வேகத்தில், அதே "உக்காருங்க" சொல்லி. ஒருவரை ஒதுக்குவதைக்கூட எங்கள் ஊரில் மரியாதையாகத்தான் செய்வார்கள். அதனால் புகார் சொல்ல எதுவும் கிடைக்காது. புகார் சொன்னால், "எந்திரிச்சு எடம் குடுத்ததுக்கா?" என்று சிரிப்பார்கள்.

"தீட்டுன்னு எழுதிரு. அதுதான எழுத வர்ற?" என்றான் கலீல்.

"அப்படின்னு உறுதியா எப்படிச் சொல்றது?"

"இன்னொண்ணு இருக்குது. சம்பந்தியம்மா வந்தா எந்திரிக்கத்தான செய்வாங்க?"

டீ கிளாஸை வைத்துவிட்டேன். இதை நான் யோசித்திருக்கவில்லை. சம்பந்தி வீட்டுப் பெண் வந்தால் ஆண்கள் எழுவார்கள். அவளை உட்காரவைத்துவிட்டுத் தள்ளி நிற்பார்கள். அவள் பக்கத்தில் சரிசமமாக உட்காருவது அவளுக்கு மரியாதைக் குறைவு. கல்யாண வீடுகளில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அப்படியானால் தம்பிதுரை வாயால் சொல்ல முடியாததை முட்டியால் சொல்லியிருக்கிறார்.

[நான் இதை நம்ப விரும்புகிறேன். அதனாலேயே சந்தேகப்படுகிறேன்.]

"அதிருக்கட்டும். நீ பின்னாடியே உக்காந்திருந்தியே? எந்திரிச்சு அவருக்கு எடம் குடுத்திருந்தா கதையே வந்திருக்காதே?"

"ராத்திரி பூரா நின்னவன்டா நான்."

"அந்தம்மா எத்தனை வருசமா நின்னிருக்குது?" என்றான். காசு கொடுக்காமல் போய்விட்டான்.

6

கருமத்தம்பட்டியில் கூட்டம் ஏறியது. ஒரு கல்லூரிப் பெண் அந்தக் காலி இருக்கைக்கு வந்தாள். கழுத்தில் தொங்கிய அட்டையில் லின்சி என்று இருந்தது. இந்தப் பெயர் நான் வைத்ததில்லை.

"ஆள் வர்றாங்களா ஆன்ட்டி?"

அந்தப் பெண் நிமிர்ந்து, நின்றுகொண்டிருந்தவரைப் பார்த்தாள். அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்காமல் இருந்திருக்க முடியாது, அவ்வளவு பக்கம்.

"இல்லம்மணி. உக்காரு" என்றாள்.

அத்தோடு காலி இருக்கை போயிற்று. அர்த்தத்தை வைத்துக்கொள்ள எனக்கு இருந்த ஒரே இடம். அதன்மேல் ஒரு பெண் உட்கார்ந்து காதில் இயர்போன் மாட்டிக்கொண்டாள். நல்லதுதான் என்று இப்போது நினைக்கிறேன். அதற்குப் பிறகுதான் பை கண்ணில் பட்டது.

ஒரு கையில் கம்பி, ஒரு கையில் கட்டைப்பை. பின்னால் இருந்து கூட்டம் தள்ளுகிறது. பஸ் பிரேக் போடும்போதெல்லாம் பையைச் சாயாமல் தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே சாயக் கூடாதது ஏதோ இருக்கிறது. கதையில் அது டிபன் கேரியர். பிள்ளை பெற்றவளுக்குச் சோறும் பூண்டுக் குழம்பும். அவர் மனைவி ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன் என்றுவிட்டாள். ஆனால் விடியுமுன் எழுந்து சமைத்து, மூடியை அழுத்தி மூடி, அவர் கையில் கொடுத்திருக்கிறாள். பையில் என்ன இருக்கிறது என்று பூவாத்தாளுக்குத் தெரியாது.

பஸ்ஸில் இன்னொரு பழக்கம் உண்டு. உட்கார்ந்திருப்பவர் நிற்பவரின் பையை மடியில் வாங்கி வைத்துக்கொள்வார். யார், எந்த ஊர், எதுவும் கேட்பதில்லை. பிள்ளையைக்கூட வாங்கிக்கொள்வார்கள். பூவாத்தாள் இதுவரை எத்தனையோ பேருடைய பையை மடியில் வைத்திருப்பாள். அவருடைய வீட்டு அடுப்பில் வெந்த எதையும் வைத்ததில்லை.

நீலாம்பூரில் பஸ் குலுங்கி நின்றது. பெரியவர் தடுமாறினார். அந்தப் பெண் கம்பியிலிருந்து ஒரு கையை எடுத்தாள். லின்சியைத் தாண்டி நீட்டினாள்.

"பையக் குடுங்க" என்றாள்.

7

இந்த இடத்தில் நான் தூங்கிவிட்டேன்.

உத்தி எதுவும் இல்லை. இரவு முழுக்க நின்றவனுக்குக் கண் எப்போது மூடும் என்று அவனுக்கே தெரியாது. விழித்தபோது பீளமேடு தாண்டி பஸ் போய்க்கொண்டிருந்தது. பெரியவர் இல்லை. அந்தப் பெண் இல்லை. லின்சி ஜன்னலோரத்துக்கு நகர்ந்திருந்தாள். அவள் தோளுக்கு மேல் குனிந்து கேட்டேன்.

"ஏம்மா, இங்க நின்னுட்டிருந்தாரே பெரியவரு, பையக் குடுத்தாருங்களா?"

அவள் ஒரு காதிலிருந்து இயர்போனை எடுத்தாள். "எந்தப் பெரியவருங்கண்ணா?"

கண் முன்னால் ஒரு கை நீண்டிருக்கிறது. அவள் பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஆகவே முடிவை எழுதித்தான் பார்க்க வேண்டியிருந்தது. ஒன்றில், தம்பிதுரை பையைக் கொடுக்கிறார். பூவாத்தாளின் மடியில் சூடு படுகிறது. பூண்டு வாசனை வருகிறது. யாருக்கான சாப்பாடு என்று அவளுக்குப் புரிகிறது. எழுதி முடித்தபோது எனக்கே கூச்சமாக இருந்தது. ஒரு குழம்பில் எல்லாம் கரைந்துவிடும் என்று நான் சொன்னால், வேலை போன அந்த வாரத்தை யார் எழுதுவது?

இன்னொன்றில் அவர், "இருக்கட்டுங்க" என்கிறார். வேண்டாம் என்பதை இங்கே அப்படித்தான் சொல்வோம். பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொள்கிறார். நீட்டிய கை திரும்பிப் போகிறது. இதுதான் நடந்திருக்கும் என்று பல நாள் தோன்றியது. ஆனால் வெறுப்பவர் எதற்குக் கேரியரைச் சாயாமல் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வர வேண்டும்? அதைக் கேட்டால் அந்த முடிவும் நிற்கவில்லை.

மூன்றாவது, லின்சி நடுவில் புகுந்து, "என்கிட்டக் குடுங்க தாத்தா" என்று வாங்கி

[இல்லை. இது நான் தப்பிப்பதற்கான வழி.]

எனக்குத் தெரிந்தது இவ்வளவு. இன்னும் கொஞ்ச தூரத்தில் பீளமேடு. அங்கே இரண்டு பேரும் இறங்க வேண்டும். அப்போது அவள் எழத்தான் வேண்டும். அது அவருக்காக எழுவதில்லை, இறங்குவதற்காக எழுவது. மகளுக்குக் கொடுத்த வாக்கு அதில் கெடாது. அந்த ஒரு நொடி இருவரும் ஒரே உயரத்தில், ஒரே கம்பியைப் பிடித்தபடி நிற்பார்கள். அப்போது பை யார் கையில் இருந்தது என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். அவர் எதற்காக எழுந்தார் என்பதையும் உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளுங்கள். அவரை நல்லவராக்குங்கள், கெட்டவராக்குங்கள். நான் தலையிட மாட்டேன்.

ஒன்றே ஒன்று. பஸ் நிற்கும்வரை பூவாத்தாளை எழுப்பிவிடாதீர்கள்.