மூன்றாவது வரியில் நின்றது

பன்னிரண்டு பக்கச் செய்முறைக் குறிப்பைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்ட அன்று கோல்னூஷுக்குத் தலைகால் புரியவில்லை. கெர்மான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் கணினி மையத்தில் ஒன்பது வருஷமாக அவளுக்கு அதே தலைவலி. ஆய்வேட்டை லாடெக் மென்பொருளில்தான் அச்சுக்கோக்க வேண்டும் என்று கணிதத் துறை சட்டம் போட்டிருந்தது. பாரசீகத் தேதிக்கு ஒன்று, வலமிருந்து இடமாக ஓடும் அடிக்குறிப்புக்கு ஒன்று, முகப்புப் பக்கத்துக்கு ஒன்று என்று பதினோரு துணைப்பொதிகளை மாணவர்களே தேடி இறக்கி, அதனதன் இடத்தில் போட வேண்டும். அதற்குத்தான் அந்தப் பன்னிரண்டு பக்கக் குறிப்பு. ஒன்று இடம் மாறினாலும் ஆய்வேடு திறக்காது. கண்ணைக் கசக்கிக்கொண்டு அவள் அறை வாசலில் வந்து நிற்பார்கள்.

குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து அவள் ஒரு நிறுவி நிரல் எழுதினாள். ஒரு தடவை அழுத்தினால் போதும். பல்கலைக்கழக சர்வரிலிருந்து பதினொன்றும் தானாக வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐந்து மாணவர்களுக்கும் துறைத்தலைவர் மொஹ்தஷெமிக்கும் கொடுத்து, நல்லா இருக்கா என்று கேட்டாள். "உங்க கை வலிக்காம இருக்கணும் மேடம்" என்றாள் ஒருத்தி. "உங்க காலடி மண்ணு நான்" என்றான் இன்னொருவன். மொஹ்தஷெமி கூட்டத்தில் எழுந்து நின்றே பாராட்டினார். அவளும் நம்பிவிட்டாள். டாக்சிக்காரர்கூட மரியாதைக்கு முதலில் 'காசெல்லாம் எதுக்கு' என்று சொல்லும் ஊர் அது. அதைக் கேட்டு யாரும் கொடுக்காமல் இறங்கிப் போய்விடுவதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்தவளுக்கு இது உறைக்காமல் போனதுதான் வேடிக்கை.

ஆய்வேட்டைப் பல்கலைக்கழகத் தளத்தில் ஏற்றக் கடைசி நேரம் புதன்கிழமை நண்பகல் பன்னிரண்டு மணி. அன்று பதினொன்றேகாலுக்கு அந்த ஐவரில் ஒருவனான ஃபர்போத், பேரீச்சம்பழம் வைத்த கொலொம்பே பிஸ்கட் பெட்டி ஒன்றோடு வந்து நின்றான்.

"ஆய்வேடு ஏத்தியாச்சா?"

"உங்க புண்ணியத்துல எல்லாம் நல்லபடியா போகுது மேடம். சும்மா பார்த்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"கடைசி நாளு, இந்த நேரத்துல, சும்மா வந்தியாக்கும். உட்காரு."

உட்கார்ந்தான். டீ வாங்கிக்கொண்டான். அதைக் குடிக்காமல் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் கோல்னூஷ் அவன் முகத்தைச் சரியாகப் பார்த்தாள்.

"ஃபர்போத், நிறுவி எந்த இடத்துல நிக்குது?"

"மூணாவது வரியில மேடம்." கண் கலங்கிவிட்டது. "இன்னிக்கு ஏத்தலேன்னா எனக்குப் படிப்பு காலம் முடிஞ்சிடும். அடுத்த மாசமே கட்டாயப் பட்டாளத்துக்குக் கூப்பிட்டுடுவாங்க."

"எத்தனை நாளா நிக்குது?"

"பதினஞ்சு நாளா."

"போன வாரம் பிரமாதம்னு சொன்னியே?"

"பிரமாதம்தான் மேடம். எனக்குத்தான் ஓடல."

அவன் மடிக்கணினியைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மூன்றாவது வரி, சர்வரோடு இணையும் வரி. இணைப்பு மறுக்கப்பட்டது என்று வந்தது. திரை ஓரத்தில், முகவரியை வெளிநாடாக மாற்றிக் காட்டும் விபிஎன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது. தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. வெளிநாட்டு முகவரி எதையும் பல்கலைக்கழக சர்வர் உள்ளே விடாது. கெர்மான்காரன் விபிஎன் போட்டுக்கொண்டால் ஹாலந்துக்காரனாகிவிடுகிறான். அரசாங்கம் முடக்கிவைத்த பாதித் தளங்கள் அது இல்லாமல் திறக்காது என்பதால், நாடே காலையில் எழுந்ததும் அதைப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கிறது. அவளோ குளிர்காலம் முழுக்க அலுவலகத்து உள்வலையில், விபிஎன் இல்லாமலே உட்கார்ந்து சோதித்துவிட்டாள்.

"இதை அணை."

"எதை மேடம்?"

"ரொம்ப நடிக்காத. என் போன்லயும்தான் இருக்கு."

அணைத்தான். நாலே நிமிஷத்தில் பதினோரு பொதிகளும் வந்துவிட்டன. முகப்பு வந்தது, அடிக்குறிப்புகள் வலப்பக்கம் ஒழுங்காக அணிவகுத்தன. பதினொன்று ஐம்பத்திரண்டுக்கு ஆய்வேடு தளத்தில் ஏறியது. ஃபர்போத் மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதான்.

அவன் போனதும் மற்ற நால்வரையும் போனில் கூப்பிட்டாள். இந்தத் தடவை நல்லா இருக்கா என்று கேட்கவில்லை. எங்கே நின்றது என்று கேட்டாள். மூவர் சட்டென்று சொல்லிவிட்டார்கள், மூன்றாவது வரி என்று. பழையபடி ஒவ்வொன்றாகத் தேடிப் போட்டு எப்படியோ ஆய்வேட்டை ஏற்றிவிட்டார்களாம். கடைசியாகத் தரானே.

"எனக்கும் அங்கேதான் மேடம். கையால போட்டுப் பார்த்தேன், வரல. நேத்தே இன்னொரு செமஸ்டருக்கு எழுதிக் கொடுத்துட்டேன்."

"ஏம்மா, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"நீங்க நல்லா இருக்கான்னுதானே கேட்டீங்க? அவ்வளவு ஆசையா கேட்டவங்ககிட்ட எப்படி இல்லைன்னு சொல்றது? ஒரு செமஸ்டர்தானே, விடுங்க. நீங்க மனசுல வெச்சுக்காதீங்க."

போனை வைத்தபோது கோல்னூஷுக்கு வெட்கமாக இருந்தது. அவர்கள் பொய் சொன்னார்கள் என்று சொல்ல முடியவில்லை. பாராட்டைத் தவிர வேறு பதிலுக்கு அவள்தான் இடம் வைக்கவில்லை. நேராக மூன்றாம் மாடிக்கு ஏறினாள்.

மொஹ்தஷெமி எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க வாங்க, நீங்க வந்ததும் அறையே வெளிச்சமாயிடுச்சு. டீ சொல்லட்டுமா? இப்பகூட உங்க நிறுவியைத்தான் புகழ்ந்து பேசிட்டிருந்தேன்."

கோல்னூஷ் உட்காரவில்லை. "அது வேலை செய்யல ஐயா. தப்பு என்னோடது. அதனால தரானேங்கற பொண்ணுக்கு ஒரு செமஸ்டர் போகுது. அவளுக்குக் கொஞ்சம் அவகாசம் கொடுங்க."

நலம் விசாரிக்காமல், புகழாமல், இப்படி மொட்டையாக அந்த அறையில் யாரும் பேசியிருக்க மாட்டார்கள். அவள் காது சுட்டது. மொஹ்தஷெமி போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"என் கம்ப்யூட்டர்லயும் ஓடல" என்றார் தணிந்த குரலில். "சனிக்கிழமை வரைக்கும் போதுமா அந்தப் பொண்ணுக்கு?"