அம்மாவைக் குளிப்பாட்டியவள்

எங்கள் அம்மா ரசூல் பீவி முப்பத்தெட்டு வருஷம் வீரசோழனில் மய்யித்துக் குளிப்பாட்டினாள். இறந்தது பெண் என்றால் ஆள் எங்கள் வீட்டைத் தேடித்தான் வரும். திருச்சுழிப் பக்கத்து ஊர்களிலிருந்தும் கூப்பிடுவார்கள். ஒரு மஞ்சள் பையில் கற்பூரமும் பஞ்சும் கத்தரிக்கோலும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். திரும்பி வந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு, எங்களுக்குச் சோறு பிசைவாள். தம்பி நவாஸ் அந்தக் கையால் சாப்பிட மாட்டேன் என்று அழுவான்.

"ஏலே, ஒன்னையப் பெத்துக் கழுவி எடுத்ததும் இந்தக் கைதான்" என்று சிரிப்பாள்.

என் மகள் ஃபாயிஸா வளர்ந்ததே அந்த மடியில்தான். கல்யாணமாகி நான் அருப்புக்கோட்டைக்குப் போன பிறகும், பள்ளிக்கூட லீவு விட்டால் அவள் நன்னி வீட்டுக்கு ஓடிவிடுவாள். அம்மா அவளுக்குப் பேன் பார்த்தபடியே சொல்வாளாம்: "மய்யித்துக்குக் காது கேக்கும்டி. அதுக்கு வலிக்கவும் செய்யும். மெதுவாத் தொடணும்."

போன சித்திரையில் ஒரு வெள்ளிக்கிழமை, விடிகாலை ஃபஜர் தொழுதுவிட்டுப் படுத்த அம்மா எழுந்திருக்கவில்லை. நவாஸ் சவூதியில், தம்மாமில் வேலையில் இருந்தான். லீவு கிடைக்கவில்லை. சாயங்கால அசர் தொழுகைக்குப் பின் அடக்கம் என்று ஜமாஅத்தில் முடிவு செய்தார்கள். அம்மாவுக்கு எப்போதும் துணைக்குப் போகும் ஜைத்தூன் மாமி அந்த வாரம் உம்ராவுக்கு மக்கா போயிருந்தாள். ஊரையே குளிப்பாட்டியவளைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. கடைசியில் நானும் ஃபாயிஸாவும்தான் கொல்லைக்குப் போனோம்.

சுற்றிலும் போர்வை கட்டியிருந்தார்கள். வெயில் உச்சிக்கு வந்திருந்தது. தொட்டித் தண்ணீர் கொதித்தது. பலகையில் கிடந்த அம்மாவைப் பார்த்ததும் எனக்குக் கை ஓடவில்லை. ஃபாயிஸா இலந்தை இலைத் தண்ணீரை மொண்டு வைத்துக்கொண்டு ஊற்றாமல் நின்றாள்.

"அம்மா, என்னால முடியாதும்மா."

அப்போது போர்வையை விலக்கிக்கொண்டு ஒருத்தி உள்ளே வந்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். வெளுத்த ரோஸ் சேலை, தலையில் முக்காடு.

"நான் புடிச்சுக்கிறேங்கா. நீங்க தண்ணிய மட்டும் ஊத்துங்க."

யாரோ வெளியூர்ச் சொந்தம் என்று நினைத்தேன். அவள் அம்மாவின் தோளுக்குக் கீழே கை கொடுத்து, தூங்கும் பிள்ளையைத் தூக்குவதுபோல நிமிர்த்தினாள். "மாமி, இப்ப வலதுபக்கம் திருப்பப் போறேன்" என்று ஒவ்வொன்றையும் சொல்லிச் சொல்லிச் செய்தாள். நான் கற்பூரப் பொட்டலத்தை இன்னும் பிரிக்கவில்லை. ஆனால் அவள் குனியும்போதெல்லாம் கற்பூர வாடை அடித்தது. தொட்டியில் சுட்ட தண்ணீர் அவள் கை பட்டு வழிந்தபோது என் பாதத்தில் ஐஸ்போல விழுந்தது.

அம்மாவின் நரைமுடியை மூன்றாகப் பிரித்துப் பின்னினாள். அப்போதுதான் பார்த்தேன். இடது கையில் சுண்டுவிரலை ஒட்டி இன்னொரு சின்ன விரல்.

"எந்த ஊரும்மா நீ?" என்றேன்.

"மாமிக்குத் தெரியும்" என்றாள். பிறகு, "என்னைய அவுக அவசரப்படாமக் குளிப்பாட்டுனாக" என்றாள்.

ஏதோ நோயில் கிடந்தபோது அம்மா பார்த்துக்கொண்டாள் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். உடம்பைச் சுற்றும் கஃபன் துணியை எடுக்கத் திரும்பினேன். மறுபடி பார்த்தபோது அவள் இல்லை. ஃபாயிஸா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அம்மா, நம்ம ரெண்டு பேர் சேலையும் தொப்பமா நனைஞ்சிருக்கு. அவுக சேலைல ஒரு சொட்டு ஈரம் இல்லம்மா."

கொல்லைக்கு வேறு வாசல் கிடையாது. நடுவீட்டில் ஐம்பது பெண்கள் ஓதிக்கொண்டிருந்தார்கள். அப்படி ஒருத்தி வந்ததையோ போனதையோ யாரும் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள், எம்.ரெட்டியபட்டியிலிருந்து ஒரு பெரியவர் துக்கம் கேட்க வந்தார். பெயர் மைதீன் பிச்சை. எங்களுக்கு அவரைத் தெரியாது. டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமலே பேசினார்.

"எங்க வீட்டுக்காரி பிரசவத்துல போயிட்டாம்மா. இருபத்தாறு வருசம் ஆச்சு. பிள்ளையும் தங்கல. எல்லாரும் சீக்கிரம் சீக்கிரம்னு விரட்டுறாக. ஒங்கம்மா கேக்கல. தாயையும் பிள்ளையையும் பொறுமையாக் குளிப்பாட்டுனாகளாம். அவளுக்குக் கையில ஒரு வெரல் கூடுதல். ராசியில்லன்னு எங்கம்மாவே அதத் தொட்டது கிடையாது. அந்த வெரலத் தனியாக் கழுவிவிட்டாக ஒங்கம்மா. எங்கக்கா கூட நின்னு பாத்துட்டு வந்து அழுதுச்சு."

"எந்தக் கைண்ணே?" என்றேன்.

"இடது கை."

ஃபாயிஸா எழுந்து உள்ளே போய்விட்டாள். அவரிடம் என்ன சொல்வது? சொன்னால் அந்த மனுஷன் அன்றிரவு எப்படித் தூங்குவார்? சொல்லவில்லை. பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடப் போய் ஏற்றிவிட்டு வந்தேன். வழியெல்லாம் முதுகில் யாரோ பார்ப்பதுபோல இருந்தது.

அந்த வாரம் முழுக்க ஃபாயிஸா கொல்லைப்பக்கம் தனியாகப் போகவில்லை. நானும்தான்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நவாஸ் போன் பண்ணினான். அம்மா இறந்த அன்றிலிருந்து அவன் அழவே இல்லை. பேச்சு எப்போதும் இரண்டு வார்த்தைதான். அன்று அவனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பயத்தில் பிதற்றுகிறாய் என்று திட்டுவான் என நினைத்தேன். அவன் கேட்டதோ வேறு.

"அக்கா, அம்மாவ வலிக்காமத் தூக்குனாகளா?"

"வலிக்காமத் தூக்குனாகடா."

"முதுகுல கை கொடுத்தா?"

"ஆமாடா."

அதற்குப் பிறகுதான் அவன் அழுதான். போனை வைக்காமல் நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.