மூன்றாவது பீரங்கி

ஆங்கிலேயரும் அமெரிக்கரும் சேர்ந்து வந்து, சீனக் கடற்கொள்ளையரின் பாய்க்கப்பல்களை விரிகுடாவிலேயே எரித்து முடித்திருந்தார்கள். மறுநாள் காலையில், பிடிபட்டவர்களை நீராவிக் கப்பலின் தளத்தில் ஒரே கயிற்றில் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். அந்த வரிசையில் தன் புருஷன் லாய்ஷிங்கைப் பார்த்ததும் படகுக்காரி சௌலின், தன் படகைக் கப்பலோடு கட்டிவிட்டு மேலே ஏறிவிட்டாள்.

“ஐயா, அவர் மீன் புடிக்கிறவரு. நாலு மாசத்துக்கு முன்னாடி, முன்னோர் கல்லறையைக் கழுவுற திருநாளுக்கு மறுநாள், கொள்ளைக்காரங்க எங்க படகை மறிச்சு அவரை இழுத்துட்டுப் போனாங்க.”

ஹாங்காங்கிலிருந்து மொழிபெயர்க்க வந்த துபாஷி மூக்கைப் பொத்திக்கொண்டான். “எல்லாப் படகுக்காரியும் இதையேதான் சொல்றா.”

லாய்ஷிங்குக்குப் பக்கத்தில் கட்டப்பட்டிருந்தவன் சூபாக். அன்று படகை மறித்தவன் அவன்தான். “தங்கச்சி, உன் புருஷன்தான் எங்க மூணாவது பீரங்கியைச் சுட்டான். நேத்து ஒரு வெள்ளைக்காரப் படகையே கவுத்தான். கையைப் பாரு.”

லாய்ஷிங்கின் கைகள் வெடிமருந்துக் கரியில் மணிக்கட்டுவரை கறுத்திருந்தன. துபாஷி அதிகாரிகளிடம் போனதும் அவள் புருஷனிடம் குனிந்தாள்.

“சுட்டியா?”

“மொத நாள் கழுத்துல கத்தி வச்சாங்க.”

“அப்புறம்?”

அவன் தளத்துப் பலகையையே பார்த்தான். “அப்புறம் கத்தி இல்ல.”

அவள் நிமிர்ந்தாள். வெறும் கஞ்சியோடு ஒவ்வொரு தீவாக அவனைத் தேடி அலைந்தவள் அவள். நான்கு மாதங்களில் ஒரு தடவைகூடக் கடலில் குதிக்க அவனுக்குத் தோன்றவில்லையா? இவனை இப்படியே விட்டுவிட்டு இறங்கிப் போய்விடலாம் என்று ஒரு கணம் நினைத்தாள்.

துபாஷி திரும்பி வந்தான். “என்ன சொல்றான்?”

“கடைசி வரைக்கும் கழுத்துல கத்தி இருந்துச்சாம், ஐயா.”

சூபாக் சிரித்தான். “பொய் சொல்றா. இப்பத்தான் என் காதால கேட்டேன்.” ஒரு மாலுமி துப்பாக்கிக் கட்டையால் அவன் வாயில் இடித்தான். துபாஷி அவள் சொன்னதைச் சொன்னதும் அதிகாரிகள் கொஞ்சநேரம் தங்களுக்குள் வாக்குவாதம் செய்தார்கள். பிறகு ஒருவன் வந்து லாய்ஷிங்கின் கயிற்றை மட்டும் அறுத்தான்.

படகில் இறங்கியதும் லாய்ஷிங் வழக்கம்போலப் பின்துடுப்பின் பக்கம் போனான்.

“அங்க உக்காரு,” என்று முன்பக்கத்தைக் காட்டிவிட்டு அவளே துடுப்பைப் போட்டாள். தண்ணீரெங்கும் கரிந்த பலகைகளும் பிணங்களும் மிதந்தன. அவள் விலக்கி விலக்கி ஓட்டினாள். குப்புறக் கிடந்த ஒரு பிணம் படகின் ஓரத்தில் உரசியது. லாய்ஷிங் எட்டி அதன் தோளைப் பிடித்துத் திருப்பினான்.

“ஆகுவாய்,” என்று மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். “என்கூட பீரங்கிக்குக் குண்டு போட்டவன்.”

அவன் பிணத்தின் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை. அவளும் துடுப்பை நிறுத்தவில்லை. படகோடு சேர்ந்து பிணமும் கொஞ்சதூரம் வந்தது.